மாடியிலிருந்து இறங்கும் மீட்புப் பயிற்சி: முன்கூட்டியே பார்க்கத் தவறும் ஆபத்துகள்

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு தனியார் கல்லூரியில் நடந்த பேரிடர் ஒத்திகையில், இரண்டாம் மாடி விளிம்பில் உட்கார்ந்து குதிக்கத் தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்றுநர் தள்ளிவிட்டது காணொளியில் பதிவானது. கீழே மாணவர்கள் வலை பிடித்து நின்றார்கள். அந்தப் பெண்ணின் தலை வலையை எட்டும் முன்பே முதல் மாடி சன்ஷேடில் மோதியது. அவர் இறந்தார், பயிற்றுநர் கைதானார்.

வலை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுதான் இங்கே முதல் தவறு. விழும் பாதையில் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் விழ ஏறக்குறைய முக்கால் விநாடி போதும். அதற்குள் உடல் இரண்டடி சன்ஷேடைத் தாண்டி வெளியே போயாக வேண்டும். உந்திக் குதிப்பவருக்கு அது முடியலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து சறுக்குபவர் சுவரை ஒட்டியே விழுவார். ஆறு மீட்டர் விழுந்தவரின் வேகம் மணிக்கு சுமார் 39 கி.மீ. வலை பிடிப்பவர்களுக்கும் அடிபடும். ஆகவே பயிற்சியில் ஆளைக் குதிக்க வைக்கவே கூடாது. வலை பிடிக்கக் கற்றுத்தர மணல் மூட்டையைப் போட்டுக் காட்டினால் போதும்.

கயிற்றில் இறக்கும்போது நடக்கும் தவறு வேறு. பால்கனிக் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ ஒற்றைக் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். கான்கிரீட் தூண் போன்ற உறுதியான இரண்டு தனித்தனி இடங்களில் இரண்டு கயிறுகள் கட்ட வேண்டும்: ஒன்று இறங்க, மற்றது காக்க. சுவர் விளிம்பில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டையோ தடித்த கேன்வாஸையோ வைக்காவிட்டால், பாரம் ஏறிய கயிற்றைக் கான்கிரீட்டே அறுத்துவிடும். கயிறு முழுவதையும் கையால் உருவிப் பார்த்து, நைந்த, தட்டையான, விறைத்த இடம் தென்பட்டால் ஒதுக்கிவிடுங்கள். முதலில் இறங்க வேண்டியது ஆள் எடையுள்ள பொம்மை.

பாதியில் சிக்கியவரை எப்படி இறக்குவது என்று யோசிக்காமலே பலர் தொடங்குகிறார்கள். ஹார்னஸில் (உடலைக் கயிற்றோடு இணைக்கும் பட்டைக் கட்டு) அசைவின்றித் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மேலிருந்தே தளர்த்தி இறக்கும்படி கயிற்றை அமைக்க வேண்டும். துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், வளையல் எல்லாம் கயிற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இறங்கு கருவியில் மாட்டும். மாடிக்கு ஏறும் முன்பே இவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம், அண்மை அறுவை சிகிச்சை பற்றிக் கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் யாரும் தூக்க மாட்டார்கள். முந்தைய நாளே தனியாகக் கேளுங்கள். தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்வது மிக மோசமான தவறு. தயங்குபவர் அப்போதே விலகலாம். "நிறுத்து" என்று யார் சொன்னாலும் பயிற்சி நிற்க வேண்டும்.

கோவைச் சம்பவத்துக்குப் பின், அந்தப் பயிற்றுநருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. பயிற்றுநர் காட்டும் அரசுத் துறைக் கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், அந்தத் துறையின் அதிகாரப்பூர்வ எண்ணில் அழைத்துச் சரிபாருங்கள். பயிற்சி நாள் காலையில் ஒருமுறை மாடிவிளிம்பில் நடந்து பாருங்கள். இரவு மழை பெய்திருந்தால் முந்தைய வாரம் எழுதிய ஆபத்து மதிப்பீடு செல்லாது. ஆம்புலன்ஸ் வளாகத்தில் நிற்கும்வரை மட்டுமே பயிற்சி நடக்கலாம். அது யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால், திரும்பும்வரை யாரும் கயிற்றில் ஏறக் கூடாது.