பிப்ரவரிக் கடைசியில் டெல்லி: முதன்முறை போகும் சென்னைக்காரர்களுக்குப் படிப்படியாக

டெல்லிக்கு எப்போது போகலாம் என்று யார் கேட்டாலும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை என்றுதான் நான் சொல்வேன். நவம்பரில் புகை, டிசம்பர் ஜனவரியில் மூடுபனி, மே ஜூனில் 45 டிகிரியைத் தொடும் வெயில். இதற்கெல்லாம் நடுவில் குளிர் கிளம்பிக்கொண்டிருக்கும், வெயில் இன்னும் வந்து சேராத சில வாரங்கள் இருக்கின்றன. ஊர் முழுக்கப் பூப்பது அப்போதுதான்.

ஆனால் அந்த வாரங்களில் ஒரே நாளுக்குள் இரண்டு பருவம் இருக்கும். விடிகாலை 10, 12 டிகிரி, மதியம் 25 டிகிரி, சூரியன் சாய்ந்த அரை மணி நேரத்தில் மறுபடி ஸ்வெட்டர். சென்னையில் நாம் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு மதியம் நிழலில் ஒதுங்குகிறவர்கள். அங்கே அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும், மதியத்தை வெளியில் செலவழிக்க வேண்டும். கீழே சொல்கிற படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

முதல் படி: தேதி, அதைவிட முக்கியமாகக் கிழமை

திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும், தேசிய அருங்காட்சியகம் மூடியிருக்கும், குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் மூடியிருக்கும், சரோஜினி நகர் சந்தையும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக் கடைகளில் பெரும்பாலானவை திறக்காது. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும் என்பதால் அவற்றைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கிவிடுங்கள். முதலில் இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் மற்ற நாட்களைப் பிரித்தால் பாதித் திட்டம் முடிந்தது.

குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ருத் உத்யான், அதாவது 2023 வரை முகல் தோட்டம் என்று சொல்லப்பட்டது, சமீப ஆண்டுகளில் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதி வரை பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். கட்டணம் இல்லை, மாளிகையின் இணையதளத்தில் நேரம் முன்பதிவு செய்துகொள்ளலாம், சனி ஞாயிறு சீக்கிரம் தீர்ந்துவிடும். சாந்தி பத் சாலையோரம் டியூலிப் பூக்களைப் பார்க்க ஆசை என்றால் பிப்ரவரி நடுப்பகுதிதான் சரி. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அவை நிற்காது.

மார்ச்சில் போகிறவர்கள் ஹோலி என்றைக்கு என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோலியன்று மெட்ரோ மதியம் இரண்டரை வரை ஓடாது. அந்த வாரம் டெல்லியிலிருந்து கிளம்பும் ரயில்களிலும் கூட்டம் அதிகம்.

இரண்டாம் படி: டிக்கெட்

சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலை புதுடெல்லி போய்ச் சேரும், ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. பிப்ரவரி 20 ஏற வேண்டும் என்றால் டிசம்பர் 22 காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். விமானம் மூன்று மணி நேரத்துக்குள். நேரம் இருக்கிறவர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன், ஏனென்றால் குளிர் படிப்படியாக வரும், உடம்பு பழகிக்கொள்ளும். முதல் இரவு நம் ஊர் இரவுதான், அடுத்த நாள் பகல் தெலங்கானாவும் மகாராஷ்டிரமும், போபால் தாண்டிய இரண்டாவது இரவில்தான் ஜன்னல் இடுக்கில் காற்று ஊசி மாதிரி இறங்கும். ஸ்லீப்பர் வகுப்பில் கம்பளி தர மாட்டார்கள், சொந்தப் போர்வை ஒன்று கைக்கெட்டும் பையில் இருக்கட்டும், பெட்டியின் அடியில் வேண்டாம்.

மூன்றாம் படி: பெட்டி கட்டுவது

சென்னையிலிருந்து போகிறவர்கள் கனமான கோட்டு ஒன்றை வாங்கி நம்பிப் போகிறார்கள், மதியம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே பருத்திச் சட்டை, அதற்குமேல் மெல்லிய ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட், தொப்பி வைத்ததாக இருந்தால் நல்லது. பிப்ரவரியில் மேற்கத்திய இடையூறு என்று வானிலைச் செய்தியில் சொல்வார்களே, அது வந்தால் ஒரு நாள் இரண்டு நாள் மழை தூறி, போன குளிர் திரும்பி வரும். பெரியவர்களுக்குக் காதை மூடும் குல்லா கண்டிப்பாக வேண்டும். இரவுக்குக் காலுறை. புடவை கட்டுகிறவர்கள் முழுக்கை ரவிக்கையும் சால்வையும் எடுத்துக்கொண்டால் போதும்.

குளிரைவிட நம்மைப் படுத்துவது அங்குள்ள வறட்சி. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பழகிய தோல், இரண்டாம் நாளே உதடு வெடிக்க ஆரம்பிக்கும், முழங்கை வெள்ளை பூத்துவிடும். தேங்காய் எண்ணெய் கொண்டு போனால் காலையில் பாட்டிலில் கல்லாக உறைந்து நிற்கும். 24 டிகிரிக்குக் கீழே அது அப்படித்தான். வாயகன்ற டப்பாவில் ஊற்றிக்கொண்டு போங்கள், விரலால் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். வாசலின் ஒன்று சட்டைப்பையில். தாகம் தெரியாது, ஆனாலும் மறக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் தினமும் காலையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றின் அளவைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நவம்பர் அளவுக்கு மோசம் இருக்காது என்றாலும் காற்று அசையாத நாட்களில் முகக்கவசம் தேவைப்படும்.

நான்காம் படி: அறை

கேட்க வேண்டியவை இரண்டே: கீசர் வேலை செய்கிறதா, கூடுதல் ரஜாய், அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை, கிடைக்குமா. டெல்லியில் சாதாரண விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி இருக்காது, பகலெல்லாம் வெயில் அடித்தாலும் சுவர் உள்ளே குளிர்ந்தேதான் இருக்கும். மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். கரோல் பாக் வசதி, நீல வழித்தடத்தில் இருக்கிறது, தென்னிந்தியச் சாப்பாட்டுக்கும் சிரமம் இல்லை.

ஐந்தாம் படி: மெட்ரோவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

2002-இல் தொடங்கிய டெல்லி மெட்ரோ இன்று ஊரின் எல்லா மூலைக்கும் போகிறது. பார்க்க வேண்டிய இடங்களில் முக்கால்வாசி மஞ்சள் வழித்தடத்திலும் ஊதா வழித்தடத்திலும் வந்துவிடும். நம் சிங்காரச் சென்னை அட்டை தேசியப் பொது அட்டை வகையைச் சேர்ந்தது. டெல்லி மெட்ரோவும் அந்த வகையை ஏற்கிறது, கிளம்புமுன் பணம் ஏற்றிக்கொண்டால் அங்கே வரிசையில் நிற்க வேண்டாம். ஒவ்வொரு ரயிலிலும் போகிற திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. விமானத்தில் வருகிறவர்களுக்கு மூன்றாம் முனையத்திலிருந்து புதுடெல்லி ரயில் நிலையத்துக்கு விமான நிலைய விரைவு மெட்ரோ இருக்கிறது, இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆறாம் படி: நாளை வெயிலை வைத்துப் பிரிப்பது

இதுதான் முக்கியமான படி. ஏழு மணி சுமாருக்குச் சூரியன் வரும், மாலை ஆறேகாலுக்குப் போய்விடும். காலை ஒன்பதரைக்கு முன்னால் குடும்பத்தோடு வெளியே இறங்காதீர்கள், டீயைக் குடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பலாம். பத்திலிருந்து நான்கு வரை திறந்தவெளி. நான்கரைக்கு மேல் கூரைக்குள், அல்லது கடைத்தெரு.

பழைய டெல்லிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் இறங்க வேண்டும், காரணம் தௌலத் கி சாட். பாலையும் பாலாடையையும் குளிர் இரவில் கடைந்து கடைந்து எடுத்த நுரை. பெரிய தட்டில் குவித்து, மெல்லிய துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். கேட்டதும் துணியை ஒதுக்கி, குங்குமப்பூ மஞ்சள் ஏறிய மேல்பகுதியிலிருந்து அள்ளி, சின்னக் கிண்ணத்தில் போட்டு, மேலே கோவாவும் சர்க்கரைத் தூளும் தூவித் தருவார்கள். வாயில் வைத்தால் மெல்வதற்கு எதுவும் இருக்காது, இனிப்பும் பால் வாசனையும் மட்டும் நிற்கும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும், அதனால்தான் குளிர்காலத்தில் மட்டும் விற்கிறார்கள், பிப்ரவரி முடிய முடிய வண்டிகள் குறைந்துகொண்டே போகும். சாந்தினி சௌக்கை ஒட்டிய கினாரி பஜார் பக்கம் தேடுங்கள், பகல் பதினொன்றுக்குள்.

அங்கிருந்து செங்கோட்டை. ஷாஜகான் 1648-இல் கட்டி முடித்தது. வளாகம் பெரியது, நிழல் குறைவு, பிப்ரவரியில் அது வரம். இந்தியத் தொல்லியல் துறை டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம். மதியம் ஜும்மா மசூதி. செருப்பைக் கழற்றித்தான் முற்றத்தில் நடக்க வேண்டும், அதே கல் தரை காலையில் பனிக்கட்டியாக உறைக்கும், வெயில் பட்ட பிறகு இதமாக இருக்கும். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விட மாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். பங்களா சாகிப் குருத்வாராவுக்கும் இதே கணக்கு, மதியம் போங்கள், தலையை மூட ஒரு கைக்குட்டை இருக்கட்டும். லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவச உணவுக்கூடத்தில், தரையில் வரிசையாக உட்கார்ந்து சூடான ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் குளக்கரையில் வெயில் காய்வது டெல்லியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மணி நேரம்.

மசாலாவில் ஆர்வம் இருந்தால் காரி பாவ்லி, மொத்த வியாபாரத் தெரு. மிளகாய் மூட்டை பிரிக்கிற இடத்தில் தும்மல் நிற்காது, மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் புதுடெல்லி. மத்தியச் செயலகம் மெட்ரோவில் இறங்கினால் அம்ருத் உத்யான் திறந்திருக்கும் காலத்தில் 35-ஆம் எண் வாயிலுக்கு இலவசப் பேருந்து விடுகிறார்கள். பதினொரு மணி நேரத்தைப் பதிவு செய்யுங்கள், பூக்கள் நன்றாக விரிந்திருக்கும், புல் ஈரம் காய்ந்திருக்கும். முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஆந்திர பவன் கேன்டீன், சோறும் பப்பும் பொடியும் நெய்யும் பார்த்தால் நாக்கு ஊருக்கு வந்துவிடும். பிறகு வெயில் இருக்கும்போதே ஜந்தர் மந்தர். 1724-இல் ஜெய்சிங் கட்டிய வானியல் கூடம், அங்கே சாம்ராட் யந்திரத்தின் நிழல்தான் கடிகாரம் என்பதால் மேகமூட்ட நாளில் போனால் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். நான்கு மணிக்குத் தேசிய அருங்காட்சியகம். மொகஞ்சதாரோவின் நடன மங்கை அங்கேதான் இருக்கிறாள், 10.5 சென்டிமீட்டர் உயரம், படங்களில் பார்த்துப் பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் கண்ணாடிக்கு அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். சோழர் வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரமே மூடிவிடுவார்கள், நிறையப் பார்க்க ஆசைப்பட்டால் ஜந்தர் மந்தரைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை தெற்குப் பக்கம். குதுப் மினார் 72.5 மீட்டர், செங்கல் நிறக் கல்லில் அரபு எழுத்துகள் சாய்வெயிலில் புடைத்துத் தெரியும். பக்கத்திலேயே 1,600 ஆண்டு வயதான இரும்புத் தூண், பாஸ்பரஸ் அதிகம் கலந்த இரும்பு என்பதாலும் டெல்லியின் வறண்ட காற்றாலும் இன்னும் துருப்பிடித்து உதிராமல் நிற்கிறது. அங்கிருந்து மஞ்சள் வழித்தடத்திலேயே ஜோர் பாக் இறங்கி லோதி தோட்டம். அனுமதி இலவசம். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் விரித்து உட்காருங்கள், டெல்லிக்காரர்கள் எல்லாம் முதுகை வெயிலுக்குக் கொடுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார்கள். இலவ மரங்கள் இலை முழுவதும் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும் காலம் இது. பூ உள்ளங்கையளவு இருக்கும், இதழ் தடித்துச் சதைப்பற்றாக, விழும்போது தொப்பென்று சத்தம் கேட்கும். மரத்தடியில் பிள்ளைகளை விட்டால் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மணிக்கு மேல் ஹுமாயூன் கல்லறை. தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று சொல்வது ஏன் என்று வாசலில் நின்றதுமே புரியும். நேரம் இருந்தால் ஒட்டியே சுந்தர் நர்சரி என்ற பூங்கா.

மாலையில் கோயில் போக நினைப்பவர்களுக்கு ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர், குன்றின்மேல் சுவாமிநாதன். படியேறினால் சூடு வந்துவிடும், சன்னதியில் தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

ஏழாம் படி: வாங்குவது

குளிர்காலம் முடிகிற சமயம் என்பதால் சரோஜினி நகரிலும் ஜன்பத்திலும் கம்பளித் துணிகளின் விலையை இறக்கியிருப்பார்கள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் வீடுகளில் பயன்படும். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். தின்பதற்கு கஜக், எள்ளும் வெல்லமும் தட்டிச் செய்த மொறுமொறுப்பான வில்லை, இதுவும் குளிர்காலப் பண்டம். சிவப்புக் கேரட் அல்வாவை அங்கேயே சூடாகச் சாப்பிடுங்கள், பார்சல் வேண்டாம்.

கடைசிப் படி: திரும்புவது

டிக்கெட்டில் எந்த நிலையம் என்று முந்தின நாளே பாருங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லியிலிருந்து, ராஜதானியும் துரந்தோவும் ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து. இரண்டுக்கும் நடுவே நெரிசலில் முக்கால் மணி நேரம் போய்விடும். புதுடெல்லி நிலையத்துக்கு இரண்டு வாசல் உண்டு: மெட்ரோவில் வருகிறவர்கள் அஜ்மேரி கேட் பக்கம், அதாவது 16-ஆம் நடைமேடைப் பக்கம் வெளியே வருவார்கள், உங்கள் ரயில் முதல் நடைமேடைப் பக்கம் என்றால் மூட்டையோடு மேம்பாலம் முழுக்கக் கடக்க வேண்டும், அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை முதல் இரவுக்கு வெளியே எடுத்து வையுங்கள், நாக்பூர் தாண்டியதும் பெட்டிக்குள் போட்டுவிடலாம்.