சி லைப்ரரியில் கோப்பைத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் கோப்பைத் திறக்கும் ஃபங்ஷன் எஃப்ஓபன். எப்படித் திறப்பது என்று அதற்குச் சொல்லும் ஓரிரு மோடு எழுத்துகள்தான் கோப்பின் கதியைத் தீர்மானிக்கின்றன. லினக்ஸில் எழுதிச் சோதித்த லைப்ரரி விண்டோஸுக்குப் போனதும் கோப்பைக் கெடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்துகளைத்தான்.

லைப்ரரியைப் பயன்படுத்துபவரிடம் மோடு எழுத்துகளை வாங்கி அப்படியே எஃப்ஓபனுக்குக் கடத்தாதீர்கள். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி, திறந்த கோப்பு வேறு நிரலுக்குக் கைமாறாமல் தடுக்க 'இ' என்ற எழுத்தை ஏற்கும். அதே வேலைக்கு மைக்ரோசாஃப்டில் 'என்'. தெரியாத எழுத்து வந்தால் ஜிலிப்சி கண்டுகொள்ளாது, மைக்ரோசாஃப்டின் சி லைப்ரரியான ரன்டைம் நிரலையே நிறுத்திவிடக்கூடும். படிக்க, புதிதாக உருவாக்க, கடைசியில் சேர்க்க என்று உங்கள் லைப்ரரிக்கென ஒரு ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வையுங்கள். அதை ஒவ்வொரு தளத்துக்கும் உரிய எழுத்தாக மாற்றுவது உள்ளே ஒரே இடத்தில் நடக்கட்டும்.

பைட்டுகளை மாற்றாமல் பைனரியாகத் திறக்கச் சொல்லும் 'பி' எழுத்தை விடுவதுதான் அதிக சேதம் செய்யும் தவறு. லினக்ஸிலும் மேக்கிலும் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதனால் விட்டுப்போனது சோதனையில் தெரியவே தெரியாது. விண்டோஸில் 'பி' இல்லையென்றால் வழக்கமாக டெக்ஸ்ட் மோடு. எழுதும்போது வரி முடிவைக் குறிக்கும் 10 என்ற பைட் ஒவ்வொன்றும் 13, 10 என்று இரண்டாகும். படிக்கும்போது 13, 10 சேர்ந்து வந்தால் 13 காணாமல் போகும். 26, அதாவது கன்ட்ரோல்-இசட் வந்தால் கோப்பு அங்கேயே முடிந்ததாகக் கணக்கு. பிஎன்ஜி படத்தின் முதல் 8 பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இப்படிப்பட்ட மாற்றங்களை வாசலிலேயே பிடிப்பதற்காகத்தான் கடைசி நான்கும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. டெக்ஸ்ட் மோடில் படித்தால் 137, 80, 78, 71, 10 என்று ஐந்தோடு நின்றுவிடும். உரைக் கோப்பையும் பைனரியாகவே திறந்து, வரி முடிவை லைப்ரரியே கையாள்வது நல்லது.

எழுதுவதற்கான 'டபிள்யூ' மோடு திறந்த நொடியே பழைய உள்ளடக்கத்தை அழித்துவிடும். பாதி எழுதும்போது டிஸ்க் நிறைந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்ஃப்ளஷ் (பஃபரில் தங்கியதை வெளியே தள்ளுவது), எஃப்சிங்க் (டிஸ்கில் சேர்ப்பது) செய்து, கோப்பை மூடும் எஃப்குளோஸ் திருப்பித் தரும் மதிப்பையும் பார்த்த பிறகே பெயரை மாற்றுங்கள். வேறு ஃபைல்சிஸ்டத்தில் வைத்தால் ரீநேம் தோற்கும். விண்டோஸின் ரீநேம், அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும். அங்கே மூவ்ஃபைல்எக்ஸை, இருப்பதை மாற்றும் ஃபிளாகுடன் அழைக்க வேண்டும்.

கோப்பு இருக்கிறதா என்று ஆக்சஸ் என்ற ஃபங்ஷனில் கேட்டுவிட்டுத் திறப்பதும் ஆபத்து. கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவே வேறொரு நிரல் அங்கே சிம்லிங்கை (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பை) வைத்துவிடலாம். சி மொழியின் 2011 தரநிலையான சி11 தந்த 'டபிள்யூஎக்ஸ்' மோடு கோப்பு ஏற்கெனவே இருந்தால் திறக்காது. சோதனையும் உருவாக்கமும் ஒரே அழைப்பில் முடியும்.

படிக்கவும் எழுதவும் திறக்கும் பிளஸ் மோடுகளில் எழுதியதும் நேராகப் படிக்கப் போகாதீர்கள். நடுவே எஃப்ஃப்ளஷோ, கோப்பில் இடத்தை நகர்த்தும் எஃப்சீக்கோ வேண்டும். படித்துவிட்டு எழுதுவதற்கு, கோப்பின் முடிவைத் தொட்டிருந்தால் தவிர, எஃப்சீக் கட்டாயம். கடைசியில் சேர்க்கவும் படிக்கவும் உதவும் 'ஏ பிளஸ்' மோடில் திறந்ததும் முதல் படிப்பு ஜிலிப்சியில் கோப்பின் தொடக்கத்திலிருந்து, மேக்கில் முடிவிலிருந்து. எங்கே படிக்க வேண்டுமோ அங்கே நீங்களே எஃப்சீக் செய்துவிடுங்கள்.

எஃப்ஓபனை விட்டு, இயங்குதளத்தின் ஓபன் அழைப்பை நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கு வேறு இரண்டு கண்ணிகள். லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸிலும் படிக்க மட்டும் என்ற ஃபிளாகின் மதிப்பு 0, எழுத மட்டும் 1, இரண்டுக்கும் 2. ஆகவே முதலாவதை பிட் வாரியாக ஆண்ட் (&) செய்து சோதித்தால் விடை எப்போதும் 0தான். யூனிக்ஸ் தளங்களில் ஓ_ஏசிசிமோட் என்ற மாஸ்கால் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். இன்னொன்று, கோப்பு இல்லையென்றால் உருவாக்கச் சொல்லும் ஓ_கிரியேட் ஃபிளாகைக் கொடுத்துவிட்டு மூன்றாவதான அனுமதி எண்ணை மறப்பது. கோப்புக்குக் குப்பை அனுமதி கிடைக்கும். எண்ணை முன்னால் பூஜ்யத்தோடு 0666 என்று எழுதுங்கள். புதிய கோப்பின் அனுமதிகளில் சிலவற்றை நீக்கும் யூமாஸ்க் 022 என்றால் அது 0644 ஆகும். பூஜ்யத்தை விட்டு 666 என்றால் அது சாதாரணப் பத்தடிமான எண், ஆக்டலில் (எட்டடிமானத்தில்) 1232: உருவாக்கியவரே மறுமுறை தன் கோப்பைப் படிக்கத் திறக்க முடியாது.