வேதம், மரபு, மறைபணி: பிரித்துப் பார்ப்பதால் வரும் தவறுகள்

திருகோணமலையில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் எல்லாரும் ஒரே ஊருக்குள் வழிபடுகிறார்கள். "எங்களுக்கு வேதம் மட்டும் போதும், மரபு உங்களுக்குத்தான்" என்ற பேச்சும் கூடவே எழும். அது தவறு. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடியே சொல்லும் மிகப் பழைய பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் 367இல் எழுதிய பாஸ்கா (உயிர்ப்புத் திருநாள்) மடலில்தான் கிடைக்கிறது. அதுவரை அவற்றை வாசித்து, காத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவை சபைகளே. பவுலும் தான் பெற்றதையே ஒப்படைத்ததாக 1 கொரிந்தியர் 15இல் சொல்கிறார்.

அதற்காகப் பழையதெல்லாம் மரபாகிவிடாது. பெற்றோரைக் கைவிடுவதற்குக் காணிக்கை வழக்கத்தைச் சாக்காகச் சொன்னவர்களை மாற்கு 7இல் இயேசு கண்டிக்கிறார். சபைக்குள் சாதி பார்ப்பதை "எங்கள் வழக்கம்" என்பவர்களுக்கும் அந்தக் கண்டிப்பு பொருந்தும்.

இவற்றைவிடப் பெரிய தவறு, வேதத்தையும் கோட்பாட்டையும் முடித்துவிட்டு மறைபணியை, அதாவது நற்செய்தியை அறிவிக்கும் பணியை, கடைசியில் தொடங்கும் வேலையாக நினைப்பது. அப்போஸ்தலர் 15ஐப் பாருங்கள். விருத்தசேதனம் இல்லாத புறவினத்தார், அதாவது யூதரல்லாதவர்கள், விசுவாசிகளாகிவிட்டார்கள். அவர்களும் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்று எருசலேமில் கூடிப் பேசுகிறார்கள். பேதுரு நடந்ததைச் சொல்கிறார், பவுலும் பர்னபாவும் தங்கள் பயணத்தில் கண்டதைச் சொல்கிறார்கள், அப்புறம் யாக்கோபு பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸின் வார்த்தைகளை எடுத்துக்காட்டுகிறார். மறைபணி எழுப்பிய கேள்வியால்தான் பழைய வசனம் புதிதாகத் திறந்தது. விருத்தசேதனம் தேவையில்லை என்ற அந்த முடிவு பின்வந்த சபைக்கு மரபானது. பவுலின் கடிதங்களில் பலவும் அவர் நிறுவிய சபைகளுக்கு எழுதியவைதானே!

இந்த ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். சிலுவையின் பெயரைச் சொன்ன ஆட்சி செய்தது அது. இந்த வரலாற்றைத் தெரியாததுபோல அயலாரிடம் நற்செய்தி பேசப் போவது பெரும் பிழை. அதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது மறைபணியைப் பலவீனப்படுத்தாது.

வசனத்தைப் பாதியில் வெட்டும் பழக்கத்தையும் விடுங்கள். நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று 1 பேதுரு 3:15ஐ ஆர்வமாகச் சொல்கிறோம். ஆனால் அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லும்படி அந்தப் பகுதியே தொடர்ந்து கேட்கிறது.