சொந்த ரசனையும் சொந்தப் படமும்: இளம் இயக்குநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலும் காட்பாடியிலும் குறும்படம் எடுக்கும் இளைஞர்களின் காட்சிகளைப் படத்தொகுப்புக்காகப் பார்க்கும்போதெல்லாம், தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் மீண்டும் வருவதைக் காண்கிறேன். ஃபோகஸ் தவறுவது, வசனத்தின் மேல் காற்று இரைவது, தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் கோட்டைக்குள் கேமராவைக் கொண்டுபோவது போன்றவற்றை ஒருமுறை பட்டதும் எவரும் திருத்திக்கொள்வர். ‘இது என் படம்’ என்ற எண்ணத்தில் பிறக்கும் தவறுகள் அப்படித் திருந்துவதில்லை.

நடிகருக்கு நடித்துக் காட்டுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தந்தை வேடத்துக்காக ஆற்காடு பக்கத்துக் கூத்துக் கலைஞர் ஒருவரை ஓர் இளம் இயக்குநர் அழைத்து வந்திருந்தார். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்து ஆடி ஊரையே உட்கார வைப்பவர் அவர். நெடுநாள் கழித்து வீடு திரும்பும் மகனிடம், தாளில் இருந்த “எதற்காக வந்தாய்?” என்பதை விட்டுவிட்டு, முதல் டேக்கில் “இன்னாத்துக்குடா வந்த?” என்று கேட்டபடியே, துண்டால் திண்ணையைத் துடைத்து அவனுக்கு இடம் விட்டார். தாளில் எழுதப்படாத ஒரு தந்தை அங்கே இருந்தார். இயக்குநரோ உடனே நிறுத்தி, குரல் எங்கே தாழ வேண்டும், தலை எப்போது திரும்ப வேண்டும் என்று தாமே நடித்துக் காட்டினார். அதற்குப் பிந்தைய டேக்குகளில் பெரியவரின் கண்கள் மகனை விட்டு விலகி, கேமராவுக்குப் பக்கத்தில் இயக்குநர் நின்ற இடத்துக்கே போய்ப் போய் வந்தன. பார்வை அப்படி நழுவிவிட்டால் எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய வழியில்லை. முதல் டேக்கை வைத்துக்கொள்ளலாம் என்றேன்; தாம் நினைத்தது அதுவன்று என்று இயக்குநர் மறுத்துவிட்டார். படம் முழுவதும் எல்லாப் பாத்திரங்களும் அவரைப் போலவே பேசின.

இயக்குநருக்குப் பிடிவாதம் கூடாது என்று நான் சொல்லவில்லை. சத்யஜித் ராய் இயக்கி 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ என்ற வங்காளப் படத்துக்காக, மழைக்கு அஞ்சி, காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் அமைத்தார்கள். திறந்த முற்றத்தின் நிழலற்ற ஒளியை அங்கே உண்டாக்க இயலாது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வாதிட்டும், ராயும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் அதை ஏற்கவில்லை. பிறகு மித்ராதான் அரங்கின் மேலே வெள்ளைத் துணியை விரித்து, கீழிருந்து விளக்குகளை அதன்மீது பாய்ச்சி, அந்த ஒளியை உண்டாக்கினார். என்ன வேண்டும் என்பதில் ராய் அசையவில்லை. எப்படி என்பது மித்ராவின் கையில் இருந்தது. அந்தப் பெரியவரிடமும், மகன்மீது கோபம் இருக்கிறது, ஆனால் அவனை அனுப்பிவிட மனமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பார்வை படாத இடத்துக்கு இயக்குநர் நகர்ந்திருக்க வேண்டும்.

பாலாற்றில் விடியல்

பாலாற்று விடியலைப் போல, பல நாள் காத்திருந்து எடுத்த காட்சி என்பதற்காக மட்டும் ஒன்றைப் படத்தில் வைக்காதீர்கள்.

எல்லாப் பொறுப்பும் ஒரே பெயரில்

படத்தொகுப்பையாவது பிறரிடம் கொடுங்கள்.

ரஃப் கட்டுக்கு விளக்கவுரை

ரஃப் கட் எனப்படும் முதற்கட்டத் தொகுப்பை, படத்தில் வேலை செய்யாதவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓடும்போது வாய் திறக்காமல், அவர்கள் நெளியும் இடங்களையும், முடிந்தபின் கேட்கும் கேள்விகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்லாதீர்கள்.