பழைய மடத்து ஆலயத்தின் வயதைச் சுவரிடம் கேட்பது எப்படி

இராயபுரத்திலிருந்து பாரிமுனை வரைக்கும் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதிலேயே முப்பத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தவன் நான். பாரீசில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, அவள் என்னை மெட்ரோவில் ஏற்றி, நகரத்தின் வடக்கே உள்ள சான் தெனி ஆலயத்துக்கு அழைத்துச் சென்றாள். ஒரு காலத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்து ஆலயமாக இருந்தது அது. கூர்வளைவும் உயரமும் வண்ணக் கண்ணாடியுமான கோதிக் கட்டடப் பாணி பிறந்த இடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். "எந்த வருடம் கட்டியதும்மா?" என்று கேட்டேன். அவள் சொன்ன வருடத்துக்கும் என் கண்ணெதிரே நின்ற சுவருக்கும் பொருந்தவே இல்லை. அன்றைக்கு மூன்று மணி நேரம் அங்கே சுற்றினேன்.

எங்கள் பங்குத் திருவிழா மலருக்கு ஆலய வரலாறு எழுத வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: 'எப்போது கட்டியது' என்று கேட்காதீர்கள், 'எந்தப் பகுதி எப்போது' என்று கேளுங்கள். பெரிய மடத்து ஆலயம் எதற்கும் ஒரே வயது கிடையாது.

உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு சுற்று நடங்கள். தகவல் பலகையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். தேட வேண்டியது ஒட்டு. சுவரைப் பிறகு நீட்டப்போகிறோம் என்று தெரிந்த கொத்தனார், ஓரத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி கல்லை நீட்டிப் 'பல்' விட்டு வைப்பார். புதுச் சுவர் அந்தப் பல்லில் கடித்துக்கொள்ளும். அப்படி விடாத இடத்தில் பிற்காலத்தார் வந்து சுவர் சேர்த்தால், மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக ஒரு ஒட்டு தெரியும். இரண்டு பக்கத்துக் கல்வரிகளும் ஒரே மட்டத்தில் இருக்காது. பூச்சு பூசி மறைத்திருந்தால், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஈரம் காயும்போது அந்தக் கோடு பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குப் பாரீஸ் போக வேண்டியதில்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680-இல் அர்ச்சிக்கப்பட்டது; அதன் கோபுரம் பிறகு சேர்க்கப்பட்டது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய், இரண்டும் சேரும் இடத்தில் நின்று பாருங்கள். ஆர்மீனியன் தெருவில் உள்ள ஆர்மீனியர் ஆலயத்தில் 1772 என்பது திரும்பக் கட்டிய வருடம்; முதலில் கட்டியது 1712.

அடுத்தது வளைவு. இதை வீட்டுத் தரையிலேயே செய்து பார்க்க வேண்டும். ஒரு ஆணி, ஒரு நூல், ஒரு சாக்கட்டி போதும். ஒரே ஆணியை மையமாக வைத்து அரைவட்டம் போடுங்கள். அகலம் ஆறு அடி என்றால் உயரம் மூன்று அடிதான், மாற்ற முடியாது. இப்போது இரண்டு ஆணி அடித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் வளைத்து உச்சியில் சந்திக்க வையுங்கள். ஆணிகளை நகர்த்த நகர்த்த, அதே அகலத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் கிடைக்கும். கூர்வளைவின் சூட்சுமம் இதுதான். அகலமான இடைவெளியையும் குறுகலான இடைவெளியையும் ஒரே உயரத்தில் மூடலாம். இத்துடன் விலா வளைவுகள் சேர்ந்தன. குறுக்கும் நெடுக்குமாகக் கல் விலாக்களைச் சாரத்தின்மீது கட்டிவிட்டு, நடுவில் மெல்லிய கல்லை வைத்து மூடினார்கள். பாரம் தூண்களில் இறங்கியது. சுவர் சுமக்க வேண்டியது குறைந்தது. அங்கே வண்ணக் கண்ணாடி வந்தது. நம் கோட்டை ஆலயமோ குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கட்டியது. அதன் செங்கல் கூரை அரைவட்டம், சுவர்கள் கனத்தவை. இரண்டையும் மனதில் அருகருகே வைத்துப் பார்த்தால், கோதிக் கொத்தனார் எதைச் சாதித்தார் என்பது விளங்கும்.

சுவரைப் பார்த்த பிறகு ஏட்டுக்கு வாருங்கள். சான் தெனியில் நமக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. 1122 முதல் 1151 வரை மடத்துத் தலைவராக இருந்த சுஜே, தாம் செய்த திருப்பணியைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். பழைய ஆலயத்தில் திருவிழா நாளில் நெரிசல் தாங்காமல், பெண்கள் ஆண்களின் தலைமேல் நடந்து பீடத்துக்குப் போனார்கள் என்கிறார். கல்மண்டபத்துத் தேர்க்கூட்டத்தில் சிக்கிய எனக்கு அந்த வரியை நம்புவதில் சிரமமே இல்லை. உத்தரத்துக்கு ஏற்ற மரம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது என்று தச்சர்கள் சொன்ன பிறகும், தாமே காட்டுக்குள் போய்த் தேடிப் பன்னிரண்டு மரங்களைக் கண்டுபிடித்ததையும் எழுதியிருக்கிறார். தம் பெயரைக் கல்லிலும் கண்ணாடியிலும் பொறித்த அந்த மனிதர், கட்டிய கொத்தனாரின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. இது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏட்டைப் படிக்கும்போது, யார் எழுதினார், யாரை விட்டார் என்று பாருங்கள்.

பிறகு வரிசை. சுஜே முதலில் மேற்கு முகப்பைக் கட்டினார். 1140-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. அடுத்துக் கிழக்குப் பக்கம் போய், பீடத்தைச் சுற்றிய பகுதியை மூன்று வருடம் மூன்று மாதத்தில் முடித்தார், 1144-இல் அர்ச்சிப்பு. நடுவில் இருந்தது 775-இல் அர்ச்சிக்கப்பட்ட பழைய ஆலயம். அதை மாற்றுவதற்குள் அவர் இறந்துவிட்டார். 1231-இல்தான் மறுபடி வேலை தொடங்கியது. ஆகவே நடுக்கூடம்தான் வயதில் இளையது. கிழக்கிலும் கீழே சுற்றுப்பாதை சுஜே காலத்தது, மேலே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கண்ணாடி மாடமோ அடுத்த நூற்றாண்டுக் கை. நான் குழம்பியது அங்கேதான்.

கடைசியில், இல்லாமல் போனதைத் தேடுங்கள். சான் தெனியில் அடக்கம் செய்யப்பட்டிருந்த பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைகளைப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் திறந்து எலும்புகளை வெளியே கொட்டினார்கள். மடத்து வீடுகள் இன்று பெண்பிள்ளைகளின் பள்ளி. முகப்பில் வடக்குக் கோபுரம் இல்லை. 1837-இல் அதன் உச்சியில் இடி விழுந்தது. முன்பிருந்ததைவிடக் கனமான கல்லை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். கீழே விரிசல் விட்டது. 1846-இல் கழற்றி இறக்கினார்கள். இதைக் கேட்டபோது என் வயிறு கலங்கியது. எங்கள் பகுதியில் ஒரு பழைய சுண்ணாம்புச் சுவர் வீட்டின்மேல் கான்கிரீட் தளம் போட வேண்டாம் என்று நான் மன்றாடியும் வீட்டுக்காரர் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக விரிசல் ஓடியது. விரல் நுழையும் அகலம். பழைய சுவர் தன் பழைய பாரத்துக்குத்தான் பழகியிருக்கும்.

எழுத உட்காரும்போது முதலில் வரைபடம் போடுங்கள். கிழக்கை மேலே வைத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கடல் இருக்கும் பக்கம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வண்ணப் பென்சில். சான் தெனி என்றால், சுஜே கட்டியது சிவப்பு, 1231-க்குப் பிறகு நீலம், பின்னால் வந்த பழுதுபார்ப்பு பச்சை. இடிந்து போனதைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள். நிச்சயமில்லாத இடத்தில் வண்ணம் தீட்டாமல் விட்டுவிடுங்கள். அந்தப் படத்தை மலரின் முதல் பக்கத்தில் போட்ட பிறகு, அதன் கீழிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள்.