பாரணை அன்று என்ன சாப்பிட்டீர்?

கந்தசஷ்டி முடிந்து இரண்டு கிழமையில் ஒரு தாய் தன் மகளை எங்கள் உளநலக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். "காஸ்ட்ரைட்டிஸ் எண்டு மருந்து குடுத்தவை, மாறேல்லை." நித்திரை, ரியூசன், சோதனைப் பயம் எல்லாம் பிள்ளையிடம் கேட்டேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் தாயிடம் கேட்டேன். "விரதம் பிடிச்சவள், அதுதான் மெலிவு" என்றார். அப்படியே கிளினிக் கொப்பியில் எழுதினேன். அது உணவு உண்ணல் குறைபாடு (eating disorder) என்ற மனநோய் என்று தெரிய இன்னும் நாலு மாதம் போனது. அந்த நாலு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

முதற்பிழை, தாய் பக்கத்தில் இருக்கக் கேட்டது. பிள்ளையோடு தனியாகக் கதைக்க வேண்டும், பிறகு தாயோடும் தனியாக. பிள்ளை மறைப்பதைத் தாய் கண்டிருப்பார்: புட்டைக் கோப்பை முழுக்கப் பரவிவிட்டு எழும்புவது, சாப்பிட்ட கையோடு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது.

விரதம் என்ற சொல்லோடு விசாரணையை நிறுத்தியது அதைவிடப் பெரிய பிழை. எங்கள் ஊரில் பட்டினிக்கு மரியாதையான பெயர் இருக்கிறது, நோய் அதற்குள் சுகமாக ஒளிந்துகொள்ளும். அதற்காகப் பக்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. விரதம் முடிக்கும் சாப்பாடான பாரணையைப் பற்றிக் கேளுங்கள். ஆறு நாள் பசியிருந்தவருக்கு அது ஆவலோடு காத்திருந்த சாப்பாடு. இந்த நோய் உள்ளவருக்கோ வருடத்திலேயே பயங்கரமான நாள் அதுவாக இருக்கலாம். இந்தக் கேள்வி மட்டும் நோயைத் தீர்மானிக்காது, ஆனால் கதையைத் திறக்கும்.

"கொழுத்துப் போவேன்" என்று எல்லாரும் சொல்லமாட்டார்கள். "வயிறு ஊதுது", "இறங்குதில்லை" என்பார்கள். ஹொங்கொங்கில் 1990களிலேயே இப்படிப்பட்ட நோயாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மெலிவுக்கு வேறு காரணங்களான தைரொயிட், நீரிழிவு, காசநோய், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்தே ஆகவேண்டும்.

உடம்பைப் பார்த்து முடிவுகட்டுவதும் பிழை. உண்டதைச் சத்தி எடுத்து வெளியேற்றுகிறவர்களில் பலர் சாதாரண நிறையில்தான் இருப்பார்கள். பருமனாக இருந்தவர் வேகமாக மெலிந்தால் வீட்டார் பாராட்டுவார்கள், உடம்போ ஆபத்தில் இருக்கும். இன்றைய நிறையை மட்டுமன்றி முன்பிருந்த நிறையையும் கேளுங்கள். இந்த நோய் என்று சொல்ல மாதவிடாய் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையை, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் நீக்கிவிட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும்.

இந்த நோய் இருக்குமோ என்று முதலில் பார்க்க, 1999இல் பிரித்தானியாவில் வெளியான ஸ்கொஃப் (SCOFF) என்ற ஐந்து கேள்விகள் கைக்கு உதவும். இரண்டுக்கு 'ஓம்' என்றால் விரிவாகப் பார்க்கவேண்டும். ஆனால் "சத்தி எடுக்கிறனீரோ?" என்று மட்டும் கேட்டால் காய்ச்சல் சத்தியைச் சொல்வார்கள். "தானா வருதோ, நீர் வரவைக்கிறனீரோ?" என்று கேட்கவேண்டும். கையையும் பாருங்கள். அந்தப் பிள்ளையின் வலது கை விரல் மூட்டுகளில் தோல் தடித்திருந்தது. தொண்டைக்குள் விரல் விடும்போது பல் உரசிய தழும்பு அது. கொப்பியை நீட்டிய அந்தக் கையை முதல் நாளே பார்த்தேன், கவனிக்கவில்லை.

குருதிப் பரிசோதனை சரியாக வந்தது என்று ஆறுதலடையாதீர்கள். கடுமையாக மெலிந்தவருக்கும் அது சரியாக வரக்கூடும். நாடித்துடிப்பு, எழுந்து நிற்கும்போது குருதி அமுக்கம், ஈசிஜி, பொட்டாசியம் எல்லாம் வேண்டும். விழித்திருக்கையில் நாடி 50க்குக் கீழே, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். சாகும் எண்ணம் உண்டா என்றும் நேரே கேளுங்கள்.

நாலாம் மாதம், தாயை வெளியே இருத்திவிட்டுப் பாரணையைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை கதவைப் பார்த்தாள். கனநேரம் பேசவில்லை.

"பாயாசம் ஒரு கரண்டி" என்றாள். "பிறகு கிணத்தடிக்குப் போனனான்."