பூல் மேசைக்கு மேலே விளக்கு: கடலோர வீடுகளுக்கு ஒரு குறிப்பு

வீட்டில் பூல் மேசை (கோலால் பந்துகளைத் தட்டி ஓரப் பைகளில் விழவைக்கும் ஆட்டத்துக்கான மேசை) போட்டிருப்பவர்கள் பலர் அதன் நடுவே ஒரே ஒரு பல்பைத் தொங்கவிடுகிறார்கள். அப்போது நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று தெரிய, மூலைப் பைகள் மங்கி, ஓரத்துப் பந்துகள் ஒரு பக்கமாக நீண்ட நிழலை வீசும். எட்டடி மேசைக்கு ஏறத்தாழ நான்கரை அடி நீளமும் மூன்று ஷேடுகளும் கொண்ட விளக்கே பொருத்தம். அதன் அடிவிளிம்பு மேசைத் துணியிலிருந்து 32 முதல் 36 அங்குல உயரத்தில் இருந்தால், குனிந்து குறிபார்ப்பவரின் கண் கூசாது. மேசையை நிலையாக அமைத்து மட்டம் பார்த்த பிறகே, அறையின் நடுவை அல்ல, மேசையின் நடுவை அளந்து கூரையில் துளையிடுங்கள்.

கீழக்கரை, மண்டபம், பாம்பன் போன்ற ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்புக் கொக்கியையும் சங்கிலியையும் விரைவில் அரித்துவிடும் என்பதால், மேற்பூச்சின் மினுக்கத்தை நம்பாமல் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே கேட்டு வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சன்னலைத் திறந்தால் கச்சான் காற்றில் விளக்கு ஆடும், அதனுடன் நிழலும் ஆடும். ஆகவே ஒற்றைக் கம்பியில் விடாமல் இரு முனைகளிலும் தொங்கவிடுங்கள். கொக்கி கான்கிரீட்டைப் பிடித்திருக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங் பலகையை அல்ல. ஆண்டுக்கொருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துருக்கறை தெரிகிறதா என்று ஏறிப் பாருங்கள்.